முகத்திற்கு முன்னே குரல்: பி. ரம்லீ நாயகரான வரலாறு



இளம் நடிகர் ஒருவர் திடீரெனப் புகழ்பெற்றால், அதற்கு அவருடைய முகமே காரணம் என்று நாம் எளிதில் முடிவு செய்துவிடுகின்றோம். எடுப்பான தோற்றமும் குறும்புச் சிரிப்பும் அமைந்துவிட்டால் இரசிகர் கூட்டம் தானே திரண்டுவிடும் என்பது நம் கணக்கு. நம் மண்ணில் தோன்றிய மாபெரும் திரைநாயகரின் வரலாறு இந்தக் கணக்கிற்கு அடங்குவதில்லை. ஆகவேதான் பி. ரம்லீயை இன்றைய உரைக்குப் பொருளாகக் கொண்டேன். அவரை நாயகராக்கியவர் ஒரு தமிழர் என்பது மற்றொரு காரணம். வகுப்பறைகளில் இச்செய்தி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

ரம்லீ 1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தார். இயற்பெயர் சக்காரியா. தந்தையார் பூத்தே, சுமத்திராவின் அச்சே பகுதியிலிருந்து வந்தவர். அத்தந்தையின் பெயரின் முதலெழுத்தே பின்னாளில் ரம்லீயின் பெயருக்கு முன் 'பி.' என்று நின்றது. நாம் தலைப்பெழுத்து இடும் வழக்கமும் இதுதானே! இளமையிலேயே வயலினும் கிட்டாரும் பழகினார். தாமே பாட்டுக் கட்டினார். 1947இல் பினாங்கு வானொலியின் பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அவரை ஊரார் அறிந்தது கண்ணால் அன்று, காதால்.

மறு ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடந்த ஒரு விழாவில் அவர் பாடியதை இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கேட்டார். சிங்கப்பூருக்கு வருமாறு அழைத்தார். பத்தொன்பது வயது இளைஞர் இரயிலேறிப் புறப்பட்டார்.

அவர் சென்று சேர்ந்த இடம் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்புக் கூடம். அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். படம் எடுப்பதும் அவர்களே. அதைத் திரையிடும் அரங்குகளும் அவர்களுடையவையே. நடிகர்கள் மாதச் சம்பளம் பெறும் பணியாளர்கள். மலாய்ப் படங்களை இயக்கியவர்களோ பெரும்பாலும் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பாட்டில்லாத படத்தை அவர்களால் எண்ணிப் பார்க்கவும் முடியவில்லை. இந்தியத் திரையின் அந்தப் பழக்கம் மலாய்த் திரைக்குள் குடிபுகுந்திராவிட்டால், ஒரு பாடகருக்கு அங்கே கதவு திறந்திருக்குமா என்பது ஐயமே.

கதவு திறந்தது, ஆனால் நாயகருக்கான ஆசனம் கிடைக்கவில்லை. 1948இல் வெளிவந்த 'சிந்தா' படத்தில் ரம்லீக்குக் கிடைத்தது எதிர்நாயகர் பாத்திரம். நாயகராக நடித்த ரூமாய் நூருக்குப் பின்னணிக் குரல் கொடுத்தவரும் அவரே. காட்சியை நினைத்துப் பாருங்கள்: திரையில் காதலிப்பவர் ஒருவர், அவர் உதடு அசையும்போது எழும் குரல், அதே படத்தின் வில்லனுடையது! ரம்லீ மெலிந்த உடலினர். முகத்தில் பருத் தழும்புகள் உண்டு. இது நாயகருக்குரிய முகமன்று என்று கருதியவர்கள் பலர். இரண்டாண்டுகள் சிறு வேடங்களிலும் பின்னணிப் பாட்டிலும் கழிந்தன.

இங்கேதான் எல். கிருஷ்ணன் வருகின்றார். சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த தமிழர். இயக்குநராகத் தமக்குக் கிடைத்த முதல் வாய்ப்பான 'பக்தி' படத்தில், 1950ஆம் ஆண்டு, ரம்லீயை நாயகராக்கினார். (பக்தி என்பது நாம் நன்கறிந்த வடசொல்லே, மலாயில் தொண்டு என்னும் பொருள் பெற்றது.) ரம்லீ தம் குரலிலேயே பாடி நடித்தார். அதுவரை பிரிந்து கிடந்த குரலும் முகமும் ஒருவரிடமே கூடின. புதிய இயக்குநர் தம் முதற்படத்தில் அறிந்த முகத்தை நாடுவதே இயல்பு. கிருஷ்ணன் எடுத்த முடிவு துணிவானது என்றே நான் கருதுகின்றேன்.

தழும்புள்ள அம்முகத்தை இரசிகர்கள் ஏற்றுக்கொண்டனர். சில ஆண்டுகளில் அதுவே அழகின் அளவுகோலாயிற்று. குரலின்மேல் கொண்ட அன்பு முகத்தின்மேலும் படர்ந்தது என்று நான் சொல்வேன். 1955இல் 'பெனாரிக் பெச்சா' என்ற படத்தைத் தாமே இயக்கித் திரிஷா ஓட்டுபவராக நடித்தார். அடுத்த ஆண்டு 'ஹங் துவா' வெளிவந்தது. 1957இல் தோக்கியோவில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில், 'அனாக்கு சசாலி' படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது பெற்றார். அப்படத்தில் தந்தையும் அவரே, மகனும் அவரே.

புகழ் அவருடையது, படங்கள் நிறுவனத்தினுடையவை. 1964இல் கோலாலம்பூருக்குச் சென்றார். 1967இல் ஜாலான் அம்பாஸ் கூடம் மூடப்பட்டது. பிற்காலப் படங்கள் முன்போல் ஓடவில்லை. 1973 மே 29ஆம் நாள், நாற்பத்து நான்கு வயதில், பெருஞ்செல்வம் எதுவும் சேர்த்து வைக்காமல் மறைந்தார். கோலாலம்பூரின் ஒரு சாலைக்கு அவர் பெயர் இடப்பட்டது அதன் பிறகுதான்.

இன்றும் அவர் பாடல்கள் வானொலியில் ஒலிக்கின்றன. நம் தமிழ் மாணவர்களும் அவற்றை மலாய் நண்பர்களோடு சேர்ந்து பாடக் கேட்டிருக்கின்றேன். எல். கிருஷ்ணன் என்ற பெயரைச் சொன்னால், யார் அவர் என்று அவர்கள் என்னையே திருப்பிக் கேட்கின்றனர்.