கணப்பு மரத்தில் செய்த கிட்டார்

(நமது குடியிருப்பின் மாதாந்திர மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மனதுக்குப் பிடித்த ஒரு பொருளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி கலாசாரக் குழுவினர் கேட்டார்கள். நான் பேசப்போவது ஒரு எலெக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி. அது என்னுடையது அல்ல. எனக்கு வாசிக்கவும் தெரியாது. அதன் சொந்தக்காரர் பிரையன் மே, இங்கிலாந்தின் ‘குயின்’ இசைக்குழுவின் கிட்டார் கலைஞர். கல்லூரி நாட்களில் கேசட்டில் கேட்க ஆரம்பித்தது, இன்றுவரை விடவில்லை.

2022 ஜூன் மாதம் லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது, ஓ2 அரங்கில் அவருடைய நிகழ்ச்சியை நேரில் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. குழுவின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி 1991இல் காலமாகிவிட்டதால் ஆடம் லாம்பர்ட் பாடினார். எங்களுக்குக் கிடைத்தது உச்சாணி இருக்கை. அங்கிருந்து பார்த்தால் கிட்டார் ஒரு நெருப்புப் பெட்டி அளவுதான். ஆனால் பெரிய திரையில் அவர் கைகளைக் காட்டியபோது, அந்தச் செம்பழுப்பு மரத்தின் பளபளப்பும், விரலிடுக்கில் இருந்த ஒரு சின்ன நாணயமும் தெரிந்தன. பிளாஸ்டிக் பிக்குக்குப் பதிலாக, பழைய ஆறு பென்ஸ் காசால்தான் அவர் தந்தியை மீட்டுவார். பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும், காசு வளையாது. அதன் விளிம்பில் உள்ள வரிகள் தந்தியில் உரசும்போது ஒரு கரகரப்பு சேரும். ரெக்கார்டில் நாற்பது வருடமாகக் கேட்ட அந்தக் கரகரப்பை அன்றுதான் நெஞ்சுக்கூட்டில் உணர்ந்தேன்.

அன்று அவருக்கு 74 வயது. கிட்டாருக்கும் ஏறக்குறைய அறுபது. அது கடையில் வாங்கியது அல்ல. அவரும் அவருடைய அப்பாவும் வீட்டில் உட்கார்ந்து செய்தது.

1963இல் பிரையன் பள்ளி மாணவர். லண்டனை ஒட்டிய ஃபெல்தம் என்ற ஊரில் வீடு. ஃபெண்டர் கிட்டார் மீது ஆசை, வாங்க வசதியில்லை. அப்பா ஹெரால்ட் மே எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். நாமே செய்துவிடலாம் என்று இருவரும் இறங்கினார்கள். சுமார் இரண்டு வருடம் ஆனது. மொத்தச் செலவு 8 பவுண்டு அளவில்தான் என்று சொல்வார்கள்.

என்னென்ன பொருள்கள் தெரியுமா? குளிர்நாட்டு வீடுகளில் தீ மூட்டும் கணப்புக்கு மேலே ஒரு மரச்சட்டம் இருக்கும். தூக்கி எறியவிருந்த அப்படி ஒரு பழைய மஹாகனிச் சட்டத்தைச் செதுக்கித்தான் கிட்டாரின் கழுத்து. அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சியால் அடைத்தார்கள். உடம்பின் நடுப்பகுதி ஒரு பழைய மேஜையின் ஓக் மரம். விரல் வைக்கும் பலகையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறதே, அவை அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். சுருதியை அசைத்துக் காட்டும் கைப்பிடி, சைக்கிள் சீட்டில் பை மாட்டும் கம்பி. அதன் முனை, அம்மாவின் ஸ்வெட்டர் பின்னும் ஊசி.

கைக்குக் கிடைத்ததை ஒட்டிய விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிட வேண்டாம். அந்தக் கைப்பிடியை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து சுருதி இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு அப்படியே திரும்ப வேண்டும். அந்தக் காலத்துக் கிட்டார்கள் பலவற்றில் அது திரும்பாது, சுருதி கலைந்துவிடும். காரணம் உராய்வு. நகைக்கடைத் தராசின் தண்டு ஒரு கூர்முனையில் உட்கார்ந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில், தந்திகளைத் தாங்கும் பகுதியைக் கத்திமுனை போன்ற கெட்டி எஃகின் மேல் உட்கார வைத்தார்கள். தந்திகள் ஒரு பக்கம் இழுக்க, மறுபக்கம் சமன் செய்வதற்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங் இரண்டு.

எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்திக்கு அடியில் ‘பிக்கப்’ என்று ஒன்று இருக்கும்: காந்தமும் அதைச் சுற்றிய செம்புக்கம்பிச் சுருளும். எஃகுத் தந்தி அதிரும்போது சுருளில் மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயர் அதைப் பெரிதாக்குகிறது. பிரையன் முதலில் பிக்கப்பையும் சொந்தமாகச் செய்தார். தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி வாசித்தபோது விநோதமான இரைச்சல் வந்ததால், பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்களை வாங்கிப் பொருத்தினார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுவிட்ச்: ஒன்று போட, நிறுத்த, மற்றது அதன் மின் அலையைத் தலைகீழாக்க. இந்த ஆறு சுவிட்ச்களில்தான் அவருடைய பல குரல்களும் இருக்கின்றன.

நம் ஹாலில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் ‘கீ’ என்று கத்தும், எல்லோரும் காதைப் பொத்துவோம். அதையே பாட வைக்க முடியுமா என்று அந்தச் சிறுவன் யோசித்திருக்கிறார். கிட்டாரின் உடம்புக்குள் வெற்றிடங்கள் விட்டார்கள். ஸ்பீக்கரின் ஒலி அந்த மரத்தை அதிர வைக்க, மரம் தந்தியை அதிர வைக்க, ஒரு ஸ்வரம் தேயாமல் நீண்டுகொண்டே போகிறது. எக்கோ கருவியை வைத்து, தான் வாசித்ததையே சற்றுத் தாமதமாகத் திரும்ப வரச் செய்து, அதன் மேல் அடுத்ததை வாசிப்பார். ஒரே ஆள், மூன்று கிட்டார் சேர்ந்து வாசிப்பது போல் இருக்கும். ஓ2 அரங்கில் விண்கல் போன்ற ஒரு மேடை அவரை உயரத் தூக்கியது, சுற்றிலும் கோள்கள். தனியாக நின்று வாசித்தார். அத்தனை பெரிய அரங்கில் பேச்சுச் சத்தமே இல்லை.

விண்கல் ஏன்? அவர் வானியல் படித்தவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில், சூரியனைச் சுற்றிப் பரவியிருக்கும் தூசியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். குயின் குழுவுக்காக அதைப் பாதியில் விட்டார். அப்பாவுக்குத் தாங்கவில்லை. படிப்பைக் கெடுத்துக்கொண்டான் என்ற வருத்தத்தில் நீண்ட காலம் இருவருக்கும் சரியான பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து மரம் இழைத்துக் கொடுத்த அதே அப்பாதான்! பிறகு நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்குக்கு மகன் அவரை வரவழைத்தார். கூட்டத்தையும், அந்தக் கிட்டாரையும் நேரில் பார்த்த பிறகுதான் அப்பாவின் மனம் இறங்கியது.

ஹெரால்ட் மே 1988இல் காலமானார். விட்ட ஆய்வை மகன் மறுபடி எடுத்து, 2007இல், அறுபது வயதில், முனைவர் பட்டம் வாங்கினார். அதை அப்பா பார்க்கவில்லை. ஓ2 அரங்கிலிருந்து ரயிலில் திரும்பும்போது இதைத்தான் மகளிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். மேடைக்கு மேடை அந்த மனிதர் தோளில் மாட்டிக்கொள்வது அப்பாவின் இரண்டு வருடத்து மாலை நேரங்களை.

இதை நம் குடியிருப்பில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழ்த்தளத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பக்கத்து ஸ்டோர் ரூம் பூட்டியே கிடக்கிறது. அடுத்த பொதுக்குழுவில் அதை வாடகைக்கு விடுவது பற்றிப் பேசப்போகிறோம். வாடகை வந்தால் மெயின்டனன்ஸ் கணக்குக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ஒரு மரவேலை மேஜை, ஒரு வைஸ், ஒரு டிரில், சால்டரிங் கருவி, இரண்டு டியூப் லைட் போட்டால் போதும், பிள்ளைகளுக்கு ஒரு பட்டறை ஆகிவிடும். யார் வீட்டிலாவது இன்டீரியர் வேலை நடந்தால் நல்ல தேக்குத் துண்டும் பிளைவுட்டும் குப்பை வண்டியில்தான் போகின்றன. ஓய்வுபெற்ற பொறியாளர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருக்கிறீர்கள், கை தூக்கச் சொன்னால் பாதி ஹால் தூக்கும். சத்தம் பற்றிய கவலையும் நியாயமானது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் என்பதால்தான் அந்த அறையைச் சொல்கிறேன். மாலை ஐந்து முதல் ஏழரை வரை, பெரியவர் ஒருவர் கூட இருந்தால் மட்டும் திறப்பது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாப் பிள்ளையும் பிரையன் மே ஆகப்போவதில்லை. ஸ்டூல் செய்யட்டும், ரேடியோ செய்யட்டும். அப்பாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து மரம் இழைத்தது அவர்களுக்கு மறக்காது.

வாடகையா, பட்டறையா என்று பொதுக்குழுவில் வாக்களிக்கும் முன் ஒருமுறை கீழே போய் அந்த அறையைப் பாருங்கள். சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது. பாடல்களைக் கேட்க விரும்புகிறவர்கள் டீ குடித்துவிட்டு இருங்கள், ஸ்பீக்கர் கொண்டுவந்திருக்கிறேன். ஒன்பது மணிக்குள் முடித்துவிடுவேன்.