பண்ணைப்புரத்து ஆர்மோனியம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



நான் கோயம்புத்தூரில் கம்ப்ரஸர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். காற்றை அமுக்கிச் சோறு தின்கிற ஆளைக் கூப்பிட்டு, கலையைப் பற்றிப் பேசுப்பா என்றால் என்ன செய்வது? காற்றை அமுக்கிப் பாட வைக்கிற பெட்டியைப் பற்றித்தான் எனக்குப் பேச வரும்.

மேல்நாட்டு ஆர்கன், தேவாலயச் சுவர் உயரத்துக்குக் குழாய் வைத்துக் கட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடியாது. 1842ல் பாரிசில் அலெக்ஸாந்தர் தெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் குழாய் கிடையாது, பித்தளை ரீடு மட்டும்தான். வெளித் துருத்தி காற்றை ஊதும். உள்ளே ஸ்பிரிங் வைத்த இன்னொரு துருத்தி அதைச் சீராக வெளியே விடும். நம்ம பாஷையில் சொன்னால் ரிசீவர் டேங்க்! பிறகு கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து கையாலே துருத்தி போட்டு வாசிக்கிற மாதிரி மாற்றினார்.

தமிழ்நாட்டில் அதற்கு இடம் கொடுத்தது நாடகக் கொட்டகை. மைக் இல்லாத காலத்தில் எஸ்.ஜி.கிட்டப்பா உச்சஸ்தாயியில் பாடினார் என்றால், கூடவே காதர் பாட்சாவின் ஆர்மோனியம் ஈடு கொடுத்தது. சங்கீதப் பெரியவர்கள் பலருக்கு அந்தப் பெட்டி ஆகாது. கமகம் வராது என்பார்கள். அது உண்மைதான், ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே இழைய வழி கிடையாது. அகில இந்திய வானொலி 1940 மார்ச்சில் ஆர்மோனியத்துக்குத் தடையே போட்டது. 1971 வரை அந்தத் தடை இருந்தது.

ரேடியோவுக்குள் நுழைய முடியாத அந்தப் பெட்டிதான் அதே வருஷங்களில் நம்ம பக்கம் மலையேறிப் போனது. தூக்கிப் போனவர் பண்ணைப்புரம் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். ஜனங்களுக்குத் தெரிந்த மெட்டில் கூலியையும் விலைவாசியையும் வைத்துப் பாடுவார். 1958ல் தேவிகுளம் இடைத்தேர்தல் வந்தது. போடிமெட்டு ஏறினால் அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டங்கள். தொழிலாளர்களில் ஏகப்பட்ட பேர் நம்ம தமிழ் ஜனங்கள். அங்கே போய்ப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார்.

அவருடைய தம்பி ராசையாவைக் குழுவில் முதலில் பெண் குரலில் பாட வைத்தார்கள். குரல் உடைந்தது, பையனின் கை ஆர்மோனியத்துக்குப் போனது. அந்தத் தம்பிதான் 1976ல் ‘அன்னக்கிளி’ மூலம் இளையராஜா ஆனார். 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினார். அன்றைக்கு நம்ம பசங்க வாட்ஸ்அப் குரூப்பில் பட்டாசு வெடித்தார்கள். பாவலர் பெயரை ஒருத்தர்கூட எழுதவில்லை. நானும்தான் எழுதவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் சின்னத் தாத்தாவும் ஆர்மோனியக்காரர். திருவிழாவில் ‘வள்ளி திருமணம்’ போட்டால் விடிய விடிய கால் ஆர்மோனியம் மிதித்துப் பின்பாட்டுப் பாடுவார். நான் இங்கே இரண்டாம் வருஷம் படித்தபோது ஊர் இளைஞர் மன்றத்தில் பொருளாளர். "நாடகம் வேண்டாம், கீபோர்டு வைத்த ஆர்கெஸ்ட்ரா போடுவோம்" என்று தீர்மானம் கொண்டுவந்தவனே நான்தான். அன்றைக்கு ராத்திரி தாத்தா கடைசி வரிசையில் துண்டை விரித்து உட்கார்ந்து முழுக்கக் கேட்டார். "நல்லாத்தான்டா வாசிக்கிறான்" என்றார். அதற்கப்புறம் எங்கள் ஊரில் நாடகமே போடவில்லை.

அவர் போய் ஆறு வருஷம் கழித்துப் பரணில் இருந்து அவருடைய கைப்பெட்டியை இறக்கினேன். துருத்தியை எலி கடித்திருந்தது. தோல் வாங்கி ஒட்டினேன். காற்றுக் கசிவு பார்ப்பது நமக்குத் தெரிந்த வேலைதானே! ரீடுதான் படுத்துகிறது. நுனியை ராவினால் சுதி ஏறும், அடியை ராவினால் இறங்கும். படித்துத் தெரிந்துகொண்டதோடு சரி, காதுக்கு அது பிடிபடவில்லை. இரண்டு ரீடை ராவியே கெடுத்துவிட்டேன். மூன்றாவதைத் தொடப் பயமாக இருக்கிறது.

தாத்தா இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் பக்கம் ரீடுக்குச் சுதி சேர்க்கத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் சொல்லுங்கள். பெட்டி காரில்தான் இருக்கிறது.