பாட்டி சொல்லாத முடிவு



கிரிம் உடன்பிறப்புகள் திரட்டிய கதைகளை அமெரிக்கக் கவிஞர் ஆன் செக்ஸ்டன் 1971-இல் இருண்ட கவிதைகளாக்கினார். உரைநடையில் நம் புதுமைப்பித்தன் அதனை 1943-இலேயே செய்துவிட்டார்: 'சாபவிமோசன'த்தில், சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் இராமன் என்றறிந்த அகலிகை மீண்டும் கல்லாகிறாள்.

நல்லதங்காள் கதையோ தொடக்கத்திலேயே இருண்டது, பாட்டாகவே பிறந்தது. பஞ்சத்தில் தாய்வீடு வந்தவள், அண்ணி மூளி அலங்காரி கதவடைத்தபின், ஏழு பிள்ளைகளையும் பாழுங்கிணற்றில் தள்ளித் தானும் வீழ்ந்தாள். இறுதியில் இறைவன் தோன்றி எழுப்புவதாகப் பாடுவதுண்டு. என் பாட்டி அதைச் சொன்னதேயில்லை, கிணற்றடியில் நிறுத்திவிடுவார். சிறுமியாக அழுதேன். இன்று அவர் பக்கமே நிற்கிறேன்.

மறுபடைப்பில் அண்ணியை மட்டும் ஏசுவது எனக்கு உடன்பாடன்று, பஞ்சம் தப்பிவிடுகிறது. கிணற்றருகே மூத்த மகன் கெஞ்சுமிடத்தில் பாட்டியின் குரல் தழுதழுக்கும். அச்சிறுவன் கூற்றாக ஒரு கவிதையை இம்மன்றத்துக் கவிஞர்களிடம் கேட்கிறேன்.