கடல் கடந்த சட்டக் கல்வி

அமெரிக்க மறைப்பணியாளர்களின் பிள்ளைகளுக்காக 1901-இல் தொடங்கப்பட்டு, பின்னாளில் பல நாட்டு மாணவரும் பயிலும் இடமாக வளர்ந்த கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குச் செல்வது பழகிய வழியே ஆயினும், சட்டம் பயில விரும்புவோருக்கு அவ்வழி சற்று நீளமானது. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததுமே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். அமெரிக்காவிலோ வேறொரு துறையில் நான்காண்டு இளநிலைப் பட்டம் பெற்ற பின்னரே, 'ஜே.டி.' எனப்படும் மூன்றாண்டுச் சட்டப் பட்டப் படிப்பில் பெரும்பாலோர் சேர்கின்றனர். தாய்நாட்டில் சட்டம் முடித்தவர்க்கு 'எல்.எல்.எம்.' என்னும் ஓராண்டு முதுநிலைப் படிப்பு உண்டு.

அங்குச் சேரும் அயல்நாட்டு மாணவரைத் திகைக்க வைப்பது வகுப்பறைதான். 1870-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரான கிறிஸ்டோபர் லாங்டெல் புகுத்திய முறையில், ஆசிரியர் ஒரு மாணவரைப் பெயர் சொல்லி அழைத்து, படித்துவரச் சொன்ன தீர்ப்பின் நிகழ்வுகளைக் கூறச் செய்து, பின்னர் அவற்றுள் ஒன்றை மட்டும் மாற்றி, இப்போதும் அதே தீர்ப்புத்தானா என்று கேட்டுக்கொண்டே போவார். மனப்பாடம் செய்தே தேறியவர்களுக்கு இது கடுமையான, ஆனால் மிக நல்ல பயிற்சி.

அப்பயிற்சியைத் தாயகத்துக்கே பயன்படுத்தியவர் இலங்கைத் தமிழரான நீலன் திருச்செல்வம். ஹார்வர்டில் முதுநிலையும் முனைவர் பட்டமும் பெற்று நாடு திரும்பி, நாடாளுமன்ற உறுப்பினராகி, 1990-களில் அதிகாரப் பகிர்வுக்கான அரசமைப்பு முன்மொழிவுகளை உருவாக்குவதில் அரும்பங்காற்றிய அவர், 1999 ஜூலை 29 அன்று கொழும்பில் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார்.