பாதி விலைப் பலகை

மைசூர் தேவராஜ அரசு சாலையில் மாலை வேளையில் நடந்து செல்வோர், கடை வாயில்தோறும் தொங்கும் தள்ளுபடிப் பலகைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தசராவுக்கு ஒன்று, யுகாதிக்கு ஒன்று என அவை வருவதும் போவதும் வழக்கமாகிவிட்டன. ஆயினும், இரயில்வே பட்டறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், ஒரு நாள் புத்தகக் கடை ஒன்றின் முன் திகைத்து நின்றுவிட்டார். பல ஊர்களில் கிளைகள் கொண்ட கடை அது. எல்லா நூல்களும் பாதி விலை என்று பலகை அறிவித்தது. நண்பரின் சட்டைப் பையிலோ, அக்கடையில் 3,000 ரூபாய் செலுத்தி வாங்கிய பரிசு அட்டை ஒன்று இருந்தது. பேரனுக்காக வாங்கி வைத்தது.

"ஐயா, இவர்கள் மனமுவந்து கொடுக்கிறார்களா, கடையைக் கட்டப் போகிறார்களா?" என்று என்னை வினவினார். வாழ்நாளெல்லாம் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். ஆகவே வினா என்னிடம் வந்தது.

தள்ளுபடி என்றாலே நொடிப்பு என்று எண்ணுதல் தவறு. ஆடி மாதம் தள்ளுபடி செய்யும் துணிக்கடைகளெல்லாம் மூழ்கியிருந்தால், தமிழ்நாட்டில் இன்று துணிக்கடையே இராது. இங்கும், நவம்பர் மாதம் கன்னட ராஜ்யோத்சவத்தையொட்டிக் கன்னட நூல்களுக்கு விலை குறைப்பதைக் காண்கிறோம். நாள் குறித்து வந்து, நாள் குறித்து நீங்கும் தள்ளுபடியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

ஆண்டு முழுவதும் தள்ளுபடி தந்தும் தழைத்த கடையுண்டு. மும்பையில் ஸ்ட்ராண்ட் திரைப்பட அரங்கின் ஒரு மூலையில், 1948-ஆம் ஆண்டில், டி. என். ஷான்பாக் என்பவர் சிறு முதலுடன் ஒரு புத்தகக் கடை தொடங்கினார். வருபவர் எவராயினும் நூற்றுக்கு இருபது குறைத்துக் கொடுப்பது அக்கடையின் வழக்கம். 2003-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பெங்களூரிலும் அக்கடைக்குக் கிளை இருந்தது. எழுபது ஆண்டுகள் நடந்து, 2018-இல்தான் அது மூடப்பட்டது. அதற்குள் காலம் மாறியிருந்தது. 2007-இல் பெங்களூரிலேயே, இணைய வழிப் புத்தக விற்பனையாகப் பிளிப்கார்ட் தோன்றியது. வீட்டிலிருந்தபடியே அதே விலைக் குறைப்பைப் பெறலாம் என்றான பிறகு, கடையேறி வருபவர் குறைவது இயல்பே.

இனி, சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஒரு நூலின் விலை 400 ரூபாய் எனக் கொள்வோம். பதிப்பாளர் கடைக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது கழிவு தருகிறார் என்றும் கொள்வோம். கடைக்காரர் செலுத்த வேண்டியது 240. அவர் கையில் மிஞ்சுவது 160. வாடகை, சம்பளம், மின்சாரம் யாவும் இந்த 160-இலிருந்தே நடைபெற வேண்டும். வாசகருக்கு நூற்றுக்கு இருபது தள்ளினால் மிச்சம் 80. முன்பு ஒரு பிரதி விற்றுப் பெற்ற ஊதியத்தைப் பெற, இனி இரண்டு பிரதிகள் விற்க வேண்டும். நாற்பது தள்ளினால் மிச்சமே இல்லை. பாதி விலைக்குக் கொடுத்தால், பிரதிக்கு 40 ரூபாய் கைநட்டம்.

அப்படியிருக்க, பாதி விலைக்கு ஏன் விற்கிறார்? பதிப்பாளர் கழித்துக்கட்டிய தேங்கிய நூல்களை மிகக் குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கியிருக்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் புதிய நூல்களையும், நன்றாக விற்பனையாகும் நூல்களையும் அவ்வாறு கொடுத்தால் சற்று நின்று யோசிக்க வேண்டும். விற்காத நூலைத் திருப்பியனுப்பும் வசதி புத்தக வாணிகத்தில் பெரும்பாலும் உண்டு. ஆயினும், திருப்பியனுப்பினால் பற்றுவரவில்தான் கழியுமேயன்றி, ரொக்கம் வாராது. சனிக்கிழமை சம்பளத்துக்குப் பற்றுவரவு உதவாது. ஆகவே, 240 ரூபாய் கொடுக்கவேண்டிய நூலை 200-க்கு விற்று, அந்த 200-ஐச் சம்பளத்துக்குச் செலவிட்டு, 240-ஐப் பதிப்பாளருக்குக் கொடாமல் நிற்பார். நமக்குக் கிடைத்த தள்ளுபடியை உண்மையில் கொடுத்தவர் பதிப்பாளரும், அவரை நம்பிய ஆசிரியருமே.

அமெரிக்காவில் பார்டர்ஸ் என்னும் பெரிய புத்தகக் கடைத் தொடர் இருந்தது. 1971-இல் ஆன் ஆர்பர் நகரில் இரு சகோதரர்கள் தொடங்கியது. இறுதிக் காலத்தில் அது, நூற்றுக்கு முப்பது, நாற்பது தள்ளும் சீட்டுகளை வாடிக்கையாளர்க்கு மின்னஞ்சலில் ஓயாது அனுப்பிவந்தது. 2010 டிசம்பரில், பதிப்பாளர் சிலருக்குரிய பணத்தை உடனே கொடுக்க இயலாது என்றது. 2011 பிப்ரவரியில் நொடிப்பு மன்றத்தை நாடியது. அவ்வாண்டு முடியுமுன் எஞ்சிய கடைகள் அனைத்தும் மூடப்பட்டு, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர் வேலையிழந்தனர். செலவிடப்படாத பரிசு அட்டைகள் மட்டும் 20 கோடி டாலருக்கு மேல் இருந்தன. அவற்றை வைத்திருந்தோர் பின்னர் வழக்காடியும், 2013-இல் நீதிமன்றம் அவர்கள் கோரிக்கையை ஏற்கவில்லை.

தள்ளுபடியை நிறுத்திப் பிழைத்த கடையும் உண்டு. இங்கிலாந்தின் வாட்டர்ஸ்டோன்ஸ், மூன்று நூல்களை இரண்டின் விலைக்குக் கொடுத்துக்கொண்டே தள்ளாடியது. 2011-இல் பொறுப்பேற்ற ஜேம்ஸ் டான்ட் அத்திட்டத்தைக் கைவிட்டு, நூல் தெரிவை அந்தந்தக் கடைக்காரரிடமே விட்டார். சில ஆண்டுகளில் இலாபம் வந்தது.

அப்படியானால், வாயிற் பலகையை விட்டு வேறெதைப் பார்ப்பது? பொம்மையும் பேனாவும் விற்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது. 1987-இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் தோன்றிய லேண்ட்மார்க்கை நம்மில் பலர் அறிவோம்; செழித்திருந்த நாளிலேயே அங்கு வாழ்த்து அட்டையும் இசைத் தட்டும் கிடைத்தன. டாடா குழுமத்தின் டிரென்ட் நிறுவனம் 2005-இல் அதைத் தன்வசப்படுத்தியது. அந்த நுங்கம்பாக்கத்துக் கடை இன்று இல்லை. பொம்மை இருக்கிறதா என்பதன்று, நூல்களின் இடம் மாதந்தோறும் சுருங்குகிறதா என்பதே கேள்வி. புதிய நூல் வருகிறதா, ஒரே நூல் அட்டை தெரிய வரிசையாக அடுக்கி வெற்றிடத்தை மறைத்திருக்கிறார்களா, விற்பனையாளர் தொகை குறைந்ததா, கேட்ட நூலை வரவழைத்துத் தருவதாக இப்போதும் சொல்கிறார்களா என்றும் நோக்க வேண்டும்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னும் அண்மையான அடையாளம் ஒன்றுண்டு. அது அக்கடையின் தமிழ் அலமாரி. பெரிய ஆங்கிலப் பதிப்பகம் ஆறு மாதக் கடனைப் பொறுத்துக்கொள்ளும். ஆயிரம் பிரதிகூட அச்சிடாத தமிழ்ப் பதிப்பாளர் எப்படிப் பொறுப்பார்? பழைய பாக்கி வாராவிட்டால் அடுத்த கட்டை அனுப்பமாட்டார். ஆதலால், பணமுடை வந்த கடையில் முதலில் வற்றுவது அந்த அலமாரியாகவே இருக்கக்கூடும்.

நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பொங்கலுக்குப் பார்த்த அதே பன்னிரண்டு தமிழ்ப் புத்தகங்கள்தாம் ஐயா இன்னும் இருக்கின்றன" என்றார். மறுநாட் காலையில் பேரனையும் அழைத்துக்கொண்டு போய், அட்டையிலிருந்த 3,000 ரூபாயையும் செலவழித்துவிட்டார். பாதி விலை என்பதால் இரண்டு பை நிறைய நூல்கள் கிடைத்தன. பரிசு அட்டைக்குத் தள்ளுபடி உண்டா என்று பணப்பெட்டியருகில் நின்ற பெண்ணைக் கேட்டதற்கு, "உண்டு, இப்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று தாழ்ந்த குரலில் சொன்னாளாம்.

தமிழ் நூல்களுக்கு அவர் வேறு வழி தேடிக்கொண்டார். 2005 முதல் ஈரோட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் புத்தகத் திருவிழாவுக்கு, சாமராஜநகர் வழியாகத் திம்பம் மலைப்பாதையில் பேருந்தேறிப் போய் வருகிறார். அங்கே தள்ளுபடி நூற்றுக்குப் பத்துதான். பெரும்பாலும் பதிப்பாளரே எதிரில் உட்கார்ந்து பணத்தை வாங்கிக்கொள்கிறார்.