ரயிலை எண்ணிய இளைஞர்கள்



2022 ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டு இளைஞர்கள் 28 பேர் புதுதில்லி ரயில் நிலையத்தில் நாள்தோறும் எட்டு மணி நேரம், வந்துபோகும் ரயில்களையும் பெட்டிகளையும் எண்ணிக்கொண்டிருந்தனர். டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் பணிகளுக்கான பயிற்சி அது என்று நம்பவைக்கப்பட்டிருந்தனர். 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை கொடுத்து அவர்கள் இழந்த தொகை 2.67 கோடி ரூபாய். அவர்களை ஏளனம் செய்வது எளிது. நிரந்தரப் பணியிடங்களை நிரப்பாமல் வைத்திருக்கும் அரசைக் கேட்பதுதான் கடினம்.

இன்று அதே வஞ்சகம் ‘வீட்டிலிருந்தே வேலை’ என்று மின்னஞ்சலில் வருகிறது. பெயர் பெருநிறுவனத்தினுடையது, அனுப்பிய முகவரியோ ஜிமெயில். நேர்காணல் இல்லாமலே பணி ஆணை, உடனே பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம். முதலாளி உழைப்பைச் சுரண்டுவான். வேலை தருவதற்குத் தொழிலாளியிடம் முன்பணம் கேட்கமாட்டான். ‘சம்பளம் போட’ என்று வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லையோ ஓடிபியையோ கேட்டால் இன்னும் ஆபத்து: திருட்டுப் பணம் அக்கணக்கின் வழியே போனால், ஏமாந்தவரே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.

ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்கும் நேரத்தில் பணம் பல கணக்குகளுக்கு மாறிவிடுகிறது. விவரம் தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணை அழைக்கச் செய்வது கிளைத் தோழர்களின் பொறுப்பு.