உயரமான காரும் சாலை வளைவும்



நம் வீட்டு வாசல்களில் இப்போது சற்றே உயரமான சிறிய கார்களும் நிற்கின்றன. பிள்ளைகள் உழைத்து வாங்கியவை. 2021ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த பெரோடுவா அத்திவா அத்தகைய கார். அது சாலையில் எப்படி ஓடுகிறது என்று இன்று பார்ப்போம்.

அதன் அடிப்பாகம் தரையிலிருந்து 200 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டு அங்குலம் உயர்ந்திருக்கிறது. ஆகவே செம்மண் சடக்கில் லாரிச் சக்கரங்கள் தோண்டிய பள்ளங்களில் அடி தட்டுவது குறைவு. ஓட்டுபவருக்குப் பாதையும் நன்றாகத் தெரிகிறது. இவை நன்மைகள்.

ஆனால் பார்வைக்கு ஜீப்பைப் போல இருந்தாலும் இது ஜீப் அன்று. எஞ்சினின் விசை முன்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்கிறது. சேற்றில் அவை வழுக்கினால் பின்சக்கரங்கள் தள்ளி உதவமாட்டா.

சென்ற திருவிழாவுக்கு அப்படியொரு காரில் நாம் போனோம். மலைப்பாதை வளைவுகளில் கார் ஒருபக்கம் சாய்ந்தது. பின்னால் இருந்த குழந்தை வாந்தியெடுத்தது. "மெதுவாகப் போ, தம்பி" என்றோம். "உயரமான வண்டி, ஐயா, எதையும் தாங்கும்" என்றார் அவர்.

அங்கேதான் தவறு. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவது எளிது. தலையில் வைத்துச் சட்டென்று திரும்பினால் குடம் தள்ளாடும். பாரம் உயர உயர, சாய்வும் மிகும். மைவி காரைவிட அத்திவா ஏறக்குறைய ஐந்து அங்குலம் உயரம். கூரைமேல் மூட்டைகளும் ஏற்றினால் என்னவாகும்?

இன்னொன்றும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால், அதே வளைவில் காரை வெளியே தள்ளுவதாக நாம் உணரும் விசை நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டரில் அமைதியாகத் திரும்பும் கார், 80 கிலோமீட்டரில் அதே வளைவில் நம் கையை மீறலாம். சறுக்கலைத் தடுக்கும் கருவி இதில் உண்டு. எனினும் அளவுமீறிய வேகத்தை அது வெல்லாது.

ஆகவே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்போம். வளைவுக்குள் பிரேக்கை அழுத்தும் நிலைக்கு வரவேண்டாம். கனத்த சாமான்களைக் கூரையில் ஏற்றாமல் காருக்குள்ளே தாழ வைப்போம். டயரில் சரியான காற்று இருக்கிறதா என்று பார்ப்போம். பின்னால் இருப்பவர்களும் வார்ப்பட்டையை அணிவோம்.

உயரம் பள்ளத்துக்கு உதவும். வளைவுக்கு நிதானமே உதவும். இன்றிரவு கார் ஓட்டும் பிள்ளையிடம் இதை ஒருமுறை சொல்லுங்கள்.